தையல் பிரிந்து சீழ் வந்தால் யாரிடம் கேட்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அக்காவுக்கு சிசேரியன். வீட்டுக்கு வந்த பிறகு தையல் பிரிந்து சீழ் வடிகிறது. கேட்டால், தோட்டத்து வரிசை வீடுகளைச் சொல்லி "லயத்துச் சுத்தம் அப்படித்தான்" என்கிறார்கள் வைத்தியசாலையில். நாங்கள் ஏற்கத்தான் வேண்டுமா? (ஹட்டன்)

முதலில் அக்காவைத் திரும்பக் கூட்டிப்போங்கள் தங்கச்சி, முறைப்பாடு அப்புறம். புதிய அன்டிபயோட்டிக் தொடங்குமுன் சீழை கல்ச்சர் பரிசோதனைக்கு எடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கிருமி என்று அதில்தான் தெரியும்.

ஏற்க வேண்டியதில்லை. இத்தகைய காயத்தில் 30 நாட்களுக்குள் வரும் தொற்றை அந்தச் சத்திரசிகிச்சையோடு சேர்த்துத்தான் கணக்கெடுப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது என்பதால் வைத்தியசாலை கைகழுவ முடியாது. லயத்தைக் காட்டி வாயடைப்பது அநியாயம்.

ஆனால் தொற்று வந்ததே தவறுக்குச் சாட்சி ஆகாது. எல்லாம் ஒழுங்காகச் செய்தும் சிலருக்கு வரும். சர்க்கரை வியாதி இருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். அதனால் குறிப்பாகக் கேளுங்கள். தோலை வெட்டுமுன் கொடுக்க வேண்டிய அன்டிபயோட்டிக் கொடுத்தார்களா, எத்தனை மணிக்கு? காய்ச்சல் எப்போது பதிவானது? அதே வார்டில் அந்த நாட்களில் வேறு தாய்மாருக்கும் இப்படி வந்ததா? வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டயக்னோசிஸ் கார்டைப் பத்திரப்படுத்துங்கள். புண்ணைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

அரச வைத்தியசாலையில் என் பெட் ஹெட் டிக்கட்டின் (வார்டில் எழுதும் சிகிச்சைப் பதிவு) பிரதியைத் தர மறுக்கிறார்கள். (பூண்டுலோயா)

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அங்குள்ள தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. மகனோ மகளோ கேட்பதானால் நோயாளியின் எழுத்து மூலச் சம்மதத்தை இணையுங்கள். கடிதத்தின் ஒரு பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்காமல் வரவேண்டாம்.

தனியார் ஆஸ்பத்திரியில் தொற்று வந்து, அதற்கும் சேர்த்தே பில் போட்டார்கள். கொஞ்சம் குறைப்பதாகச் சொல்லிக் கையொப்பம் கேட்கிறார்கள். (பண்டாரவளை)

சிகிச்சை முடியும்வரை "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்ற தாளில் கையொப்பம் வைக்காதீர்கள். நிர்வாகத்துக்கு எழுதுங்கள், சரிவராவிட்டால் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபை இருக்கிறது. மருத்துவரின் நடத்தை பற்றியதென்றால் இலங்கை மருத்துவ சபை. அது விசாரிக்கும், நட்டஈடு தராது.

வழக்குப் போட எவ்வளவு காலம் இருக்கிறது? (நுவரெலியா)

கவனயீனத்துக்கான நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம். அரசுக்கு எதிரானதென்றால் ஒரு மாத முன்னறிவித்தலும் தேவை, அதனால் கடைசி வாரம்வரை பொறுக்காதீர்கள். கவனயீனம் நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. அதனால்தான் இந்தப் பாதிப்பு வந்தது என்றும் காட்ட வேண்டும். ஒரு குழந்தையின் மரணம் பற்றிய பிரபலமான வழக்கு உயர் நீதிமன்றத்தில் தோற்றது இந்த இரண்டாவதில்தான். பணம் இல்லையென்றால் முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள்.