சிவப்புச் சட்டை வந்ததும் வெள்ளைச் சுவர் நிறம் மாறுவது

கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலையை (வெளிச்சத்துக்கேற்ப நிறங்களைக் கேமராவே சரிசெய்யும் வசதி) அணைத்து, கெல்வின் மதிப்பை (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் எண்) நீங்களே நிலையாக வைத்துவிட்டால், சிவப்புச் சட்டைக்காரர் ஃபிரேமுக்குள் வரும்போது பின்னாலுள்ள வெள்ளைச் சுவர் நீலப்பச்சையாக மாறுவது நின்றுவிடும்.

காட்சியின் சராசரி நிறம் சாம்பலாகவே இருக்கும் என்ற அனுமானத்தை ஒட்டிப் பல கேமராக்கள் கணக்கிடுகின்றன. சிவப்பு பெரும்பகுதியை அடைத்ததும், விளக்கொளியே சிவந்துவிட்டதாகக் கொண்டு அவை சிவப்பின் அளவைக் குறைக்க, பாவம், சுவர் அதற்குப் பலியாகிறது.

சோதித்துப் பார்க்க, அதே வெளிச்சத்தில் சாம்பல் அட்டையைக் காட்டிச் சமநிலையைப் பூட்டியபின் அவரை மீண்டும் நடந்துவரச் சொல்லுங்கள். சுவர் மாறாதிருந்தால் காரணம் இதுவே. சற்றே சிவந்தால், அது சட்டையில் பட்டுத் தெறிக்கும் ஒளி.

ஆனால் சன்னல் வழியே ஏறத்தாழ 5500 கெல்வின் பகலொளியும் உள்ளே 3200 கெல்வின் விளக்கும் கலந்திருந்தால், எந்த ஒற்றை மதிப்பும் இரண்டையும் சரிசெய்யாது. சன்னலை மறைப்பதோ விளக்கை மாற்றுவதோதான் வழி.