கேளுங்கள், சொல்கிறோம்: இஞ்சி பீர் பாட்டில் ஏன் வெடித்தது?

கேள்வி: 2 லிட்டர் தண்ணீர், 150 கிராம் சர்க்கரை, 100 கிராம் இஞ்சி, அரை கப் இஞ்சி நொதி (இஞ்சியும் சர்க்கரையும் தண்ணீரில் புளிக்கவைத்த கரைசல்) சேர்த்து இஞ்சி பீர் செய்தேன். மூன்றாம் நாள் கண்ணாடி பாட்டில் வெடித்துவிட்டது. அளவு தவறா?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அளவு சரிதான் அம்மா, வெயிலைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை. குளிர்நாட்டுக் குறிப்புகளில் உள்ள மூன்று நாள், 20 டிகிரிக்கான கணக்கு. கடலூர் மே மாதத்தில் அறைக்குள்ளேயே 32 டிகிரி இருக்கும். நொதியில் உள்ள ஈஸ்ட் இன்னும் வேகமாக வேலை செய்யும். 1 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய அரை கிராம் கரியமில வாயு. உங்கள் கலவையில் லிட்டருக்கு 75 கிராம். நல்ல நுரைக்கு அதில் 10 கிராம் நொதித்தாலே போதும். மிச்சமும் நொதித்தால் எந்தக் கண்ணாடியும் தாங்காது.

சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலையே பயன்படுத்துங்கள். மேலே நான்கு விரல் இடம் விடுங்கள். 12 மணி நேரம் கழித்து அழுத்திப் பாருங்கள். கல்போல் இறுகியிருந்தால் உடனே ஃபிரிட்ஜுக்குள். அங்கேயும் நொதிப்பு மெதுவாக நடக்கும், அதனால் ஒரு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள். சிறிதளவு ஆல்கஹால் உண்டாகும், குழந்தைகளுக்கு வேண்டாம்.

கொதித்த சாறு கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறிய பிறகே நொதியைச் சேர்க்கவும். சூட்டில் ஊற்றினால் ஈஸ்ட் செத்து, நுரையே வராது.