சத்தம் குறைந்த பாட்டு

அன்புள்ள அண்ணா,

நாங்கள் மூன்று பேர் கல்லூரிக் காலத்திலிருந்து நண்பர்கள். இப்போது மூவரும் மூன்று ஊரில் இருக்கிறோம். ஞாயிறு இரவு ஆளுக்கொரு பாட்டு வாட்ஸப்பில் அனுப்பிக்கொள்வது ஏழு வருடப் பழக்கம். நான் அனுப்புவது பெரும்பாலும் ராப், அல்லது பெரிய கம்பெனிகளைச் சாராமல் வரும் இண்டி இசை. “பேசிக்கிட்டேதானே போறான், இதுல பாட்டு எங்கடா இருக்கு?” என்கிறான் ஒருவன். இன்னொருவன் கேட்காமலே கட்டைவிரலைப் போட்டுவிடுகிறான். யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் சுற்றிச் சுற்றி அதே பத்துப் பேரைத்தான் காட்டுகின்றன. அதிகம் பேர் காதுக்குப் போகாத நல்ல ஆங்கில ஹிப்ஹாப், இண்டி இசை சிலவற்றைச் சொல்லுங்களேன். இன்னொன்றும் கேட்க வேண்டும்: நமக்குப் பிடித்த பாட்டை அடுத்தவரைக் கேட்க வைப்பது எப்படி?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

என்னிடம் நீளமான பட்டியல் ஒன்று இருக்கிறது. அதை அப்படியே தர எனக்கு மனமில்லை. யாரோ கொடுத்த ஐம்பது பெயர்ப் பட்டியலிலிருந்து ஒரு பாட்டுகூட என்னிடம் ஒட்டியதில்லை. அதனால் ஒருவரைப் பற்றி விரிவாக எழுதுகிறேன், மற்றவர்களைப் பற்றிக் கொஞ்சமாக.

அவர் ஒரு ராப்பர், பெயர் கா. இயற்பெயர் கசீம் ரயன். நியூயார்க்கின் புரூக்ளினில், பிரவுன்ஸ்வில் என்ற ஏழைகளின் பகுதியில் வளர்ந்தவர். வேலை, நகரத் தீயணைப்புத் துறையில். கேப்டன் வரை உயர்ந்தார். தமிழில் ‘கா’ என்றால் காப்பாற்று என்று பொருள். அவருக்கு அது தெரிந்திருக்காது, ஆனால் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

1990களில் நேச்சுரல் எலிமென்ட்ஸ் என்ற குழுவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வெளியே வந்தார். தனியாக முதல் தொகுப்பு போட்டது 2008இல், முப்பத்தைந்து வயதுக்கு மேல். பெயர் ‘அயர்ன் வொர்க்ஸ்’. அது வூ-டாங் கிளான் என்ற ராப் குழுவின் ஜிசா கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு வந்த தன் தொகுப்பில் ஜிசா அவருக்கு ஒரு பாட்டில் இடம் கொடுத்தார். பாட்டின் பெயர் ‘ஃபயர்ஹவுஸ்’, தீயணைப்பு நிலையம். அடுத்து 2012இல் ‘கிரீஃப் பெடிக்ரீ’. அதில் வரியும் அவருடையது, இசையும் அவருடையது. வீடியோக்களையும் அவரே எடுத்தார்.

அவருடைய பாட்டுகள் பலவற்றில் டிரம்ஸ் ஏறக்குறைய கிடையாது. ஹிப்ஹாப் என்றதும் நெஞ்சில் வந்து இடிக்கும் அந்த அடியைத்தான் எதிர்பார்ப்போம். இவரோ அதை எடுத்துவிட்டு, ஒரு பழைய பியானோத் துண்டையோ கிடார் துண்டையோ சுழல விட்டு, அதன் மேல் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டு போவார். பக்கத்தில் தூங்கும் பிள்ளை விழித்துவிடக் கூடாதே என்று பேசுபவரின் குரல் அது. முதல் தடவை எனக்குப் பிடிபடவில்லை. இரவுப் பேருந்தில், காதில் மாட்டிக்கொண்டு, வரிகளைக் கைபேசியில் படித்துக்கொண்டே இரண்டாம் தடவை கேட்டபோதுதான் உள்ளே போக முடிந்தது.

“பேசிக்கிட்டேதானே போறான்” என்கிற உங்கள் நண்பரோடு சண்டை போடாதீர்கள். அவர் சொல்வது சரி. எப்படிப் பேசுகிறார் என்பதைத்தான் கவனிக்கச் சொல்ல வேண்டும். நம் யாப்பில் இயைபு என்று ஒன்று உண்டு. அடிகளின் கடைசி ஒன்றிவருவது. நாம் அடியின் தொடக்கத்தில் எதுகைக்கும் மோனைக்கும் கொடுத்த உழைப்பை ராப்பர்கள் அடியின் முடிவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு அசை ஒன்றினால் போதாது. மூன்று, நான்கு அசைகள் சேர்ந்து ஒன்ற வேண்டும், பொருளும் தடுக்காமல் ஓட வேண்டும். கா இதன் மேல் சிலேடையும் வைப்பார். பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் வைத்த காளமேகத்தைப் படித்து மகிழ்ந்த காதுக்கு இந்த மனிதர் அந்நியரே இல்லை. தமிழ் வாசகர்கள் ராப்பிலிருந்து விலகி நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருப்பது இதனால்தான். அதைக் கேட்கும் பயிற்சி நமக்கு ஏற்கெனவே இருக்கிறது.

அவருடைய தொகுப்புகள் பலவற்றுக்கு ஒரு முதுகெலும்பு உண்டு. 2013இன் ‘தி நைட்ஸ் கேம்பிட்’டுக்கு சதுரங்கம். 2016இல் சாமுராய்களின் அறம், 2018இல் கிரேக்கப் புராணம். எனக்கு மிகவும் நெருக்கமானது 2020இல் வந்த ‘டிசென்டன்ட்ஸ் ஆஃப் கெயின்’, அதாவது காயீனின் வழித்தோன்றல்கள். அண்ணன் தம்பியைக் கொன்ற ஆதியாகமக் கதையை எடுத்து, ஒரே தெருவில் வளர்ந்த பையன்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட தன் பால்யத்தின் மேல் வைக்கிறார். அதன் கடைசிப் பாட்டு மனைவிக்கும் அம்மாவுக்கும் ஒரு நண்பனுக்கும் எழுதியது. அத்தனை சாவுகளையும் கேட்டுவிட்டு அந்தப் பாட்டுக்கு வந்து சேரும்போது நான் ஒவ்வொரு முறையும் கலங்கிப்போகிறேன்.

பெரிய கம்பெனி எதையும் அவர் தேடிப் போகவில்லை. தெருமுனையில் நின்று தானே இசைத்தட்டு விற்றிருக்கிறார். பின்னாளில் புதிய தொகுப்புகளை முதலில் தன் வலைத்தளத்தில்தான் விற்றார். 2024 ஆகஸ்டில் கடைசித் தொகுப்பு வந்தது. அக்டோபரில் இறந்துவிட்டார், 52 வயதில். செய்தி பார்த்த இரவு, இவரைப் பற்றிப் பேச என் பக்கத்தில் ஒருவர்கூட இல்லையே என்று தவித்தேன். உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு எழுதுவதற்கு அந்த இரவும் ஒரு காரணம்.

இனி ராப்பில் மற்றவர்கள். பில்லி வுட்ஸ், சிறுவயதில் கொஞ்ச காலம் ஜிம்பாப்வேயில் வளர்ந்தவர், நியூயார்க்காரர். புகைப்படங்களில் முகத்தைக் காட்ட மாட்டார். 2019இன் ‘ஹைடிங் பிளேசஸ்’ஸில் தொடங்கலாம், கனமானது, ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். சிகாகோவின் நோநேம் இதற்கு நேர் எதிர். 2016இன் ‘டெலிஃபோன்’ மாலை வெயில் மாதிரி இதமாக இருக்கும், வரிகளைக் கவனித்தால் பாதி மரணத்தைப் பற்றியது என்று தெரியும்.

இண்டியில் இரண்டு பெயர். அமெரிக்காவில் மின்னசோட்டாவின் டலூத் நகரத்து ‘லோ’ குழு. ஆலன் ஸ்பார்ஹாக்கும் மிமி பார்க்கரும் கணவன் மனைவி. மிமி நின்றுகொண்டே மிகச் சில வாத்தியங்களை மெல்லத் தட்டுவார், இருவரும் சேர்ந்து பாடுவார்கள். 1994இன் முதல் தொகுப்பு ‘ஐ குட் லிவ் இன் ஹோப்’பை, பழைய தமிழ்ப் பாட்டைத் தவிர எதையும் கேட்காத என் அக்காவுக்கு ஒருநாள் போட்டுக் காட்டினேன். “சர்ச்ல பாடுற மாதிரி இருக்குடா” என்றாள். அவர்கள் இருவரும் மார்மன் சபையைச் சேர்ந்தவர்கள் என்று அவளுக்குத் தெரியாது. மிமி 2022இல் காலமானார்.

இன்னொருவர் க்ரூப்பர் என்ற பெயரில் பாடும் லிஸ் ஹாரிஸ். 2014இல் வெளிவந்த ‘ரூயின்ஸ்’ தொகுப்பின் பெரும்பகுதியை 2011இல் போர்ச்சுகலின் அல்ஜெசூரில் தங்கியிருந்தபோது பதிவு செய்தார். ஒரு பியானோ, கையில் தூக்கிப் போகக்கூடிய ஒரு சிறு பதிவுக் கருவி, அவ்வளவுதான். வெளியே தவளைகள் கத்துவது கேட்கும். எதையும் துடைத்துச் சுத்தம் செய்யவில்லை.

இதில் எது பிடித்தாலும் முடிந்தால் காசு கொடுத்து வாங்குங்கள். பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளத்தில் ஒரு தொகுப்பை வாங்கினால் தளம் எடுத்துக்கொள்வது பொதுவாக 15 சதவீதம். ஸ்பாட்டிஃபையில் பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு 2024 முதல் பதிவு உரிமைத் தொகையே கிடையாது. சின்னக் கலைஞர்களுக்கு இது பெரிய அடி.

அடுத்தவரைக் கேட்க வைப்பது பற்றி. கா இதற்கும் ஒரு வழி காட்டியிருக்கிறார். ‘தி நைட்ஸ் கேம்பிட்’டில் ‘ஆஃப் த ரெக்கார்ட்’ என்று ஒரு பாட்டு. தனக்கு முன்னால் வந்த ஹிப்ஹாப் தொகுப்புகளின் பெயர்களை வரிக்கு வரி கோத்து, அவற்றாலேயே தன் கதையைச் சொல்லிவிடுகிறார். ‘இதைக் கேள்’ என்று எங்கும் சொல்வதில்லை. அந்தப் பாட்டுக்குப் பிறகு நான் தேடிப் போய்க் கேட்ட தொகுப்புகள் பல. நீங்களும் இணைப்பை மட்டும் அனுப்பாதீர்கள். எந்த வரியில் நின்றுபோனீர்கள், அப்போது எங்கே இருந்தீர்கள் என்று இரண்டு வாக்கியம் சேர்த்து அனுப்புங்கள். எப்படி இருந்தது என்று மறுநாளே கேட்டு நெருக்காதீர்கள்.

பேச்சாக இருக்கிறது என்பவருக்கு ‘டிசென்டன்ட்ஸ் ஆஃப் கெயின்’ தொகுப்பின் அந்தக் கடைசிப் பாட்டை வரிகளோடு அனுப்பிவையுங்கள். கட்டைவிரல் நண்பருக்கு ‘ரூயின்ஸ்’ஸில் வரும் ‘லாபிரிந்த்’. பாடல் முடிகிற இடத்தில் ‘பீப்’ என்று ஒரு சத்தம் வரும். மின்சாரம் போய்த் திரும்ப வந்தபோது வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு எழுப்பியது. அதையும் அவர் அப்படியே விட்டுவிட்டார். இதை நண்பரிடம் சொல்லிவிடாதீர்கள். கடைசியில் கேட்பது என்ன சத்தம் என்று மட்டும் கேட்டு அனுப்புங்கள்.