வாலைப் பாருங்கள்: உயிர்வேதியியல் சொற்கள் பற்றிச் சில கேள்விகள்

ரோஸ் ஹில் மாணவி: அக்கா, சுக்ரோஸும் சுக்ரேஸும் ஒன்றுதானா?

இல்லைம்மா. நம் மொரீஷியஸ் கரும்புச் சாற்றில் இருக்கும் சர்க்கரை சுக்ரோஸ். சிறுகுடலில் அதைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக வெட்டும் நொதி, அதாவது என்ஸைம், சுக்ரேஸ். சொல்லின் வாலைப் பாருங்கள். 'ஓஸ்' என்று முடிந்தால் சர்க்கரைக் குடும்பம், 'ஏஸ்' என்று முடிந்தால் நொதி. பாலில் லாக்டோஸ், அதை வெட்டுவது லாக்டேஸ். 1833இல் பிரான்சில் பாயென், பெர்சோ என்ற இரண்டு வேதியியலாளர்கள் பிரித்தெடுத்த டயாஸ்டேஸ் என்ற நொதிதான் இந்த 'ஏஸ்' வாலுக்கு முன்னோடி. பெப்சினும் டிரிப்சினும் நொதிகள்தான், ஆனால் அந்த வழக்கம் நிலைக்கும் முன்பே பெயர் பெற்றுவிட்டன.

மாயபூர்த் தாய்: பிரெஞ்சுச் செய்தித்தாளில் ஆ.தே.என். என்கிறார்கள், மகள் டி.என்.ஏ. என்கிறாள். வேறு வேறா?

ஒன்றேதான், செல்லில் இருக்கும் மரபுப் பொருள். 'ஆ', 'ஏ' இரண்டும் அமிலத்தைக் குறிக்கும் A எழுத்துதான். பிரெஞ்சில் 'அமிலம்' என்ற சொல் முன்னால் வரும், ஆங்கிலத்தில் பின்னால். ஆர்.என்.ஏ.வுக்கும் அப்படித்தான்.

ஃபிளாக் வாசகர்: எனக்குச் சர்க்கரை நோய். கிளைக்கோஜன், குளுக்ககான் என்று படித்துக் குழம்பிவிட்டேன். இன்சுலின் அளவை எப்படி மாற்றுவது?

ஐயா, கிளைக்கோஜன் என்பது கல்லீரலிலும் தசையிலும் சேமித்த சர்க்கரை. 1857இல் பிரெஞ்சு உடலியலாளர் கிளோத் பெர்னார் அதைப் பிரித்தெடுத்தார். குளுக்ககான் ஒரு ஹார்மோன். கல்லீரலில் இருக்கும் அந்தச் சேமிப்பை உடைத்து இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். இன்சுலின் அதை இறக்கும். இரண்டும் கணையத்துக்குள் தீவு தீவாகக் கிடக்கும் செல்களிலிருந்து வருபவை. லத்தீனில் தீவுக்கு 'இன்சுலா' என்று பெயர், இன்சுலின் என்ற பெயர் அதிலிருந்துதான் வந்தது. தீவுக்காரர்களான நமக்கு அது மறக்கவே கூடாது. ஊசி அளவை மட்டும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

போ பாசான் மாணவர்: மால்டோஸ், மால்டேஸ்?

முதல் பதிலைப் படியுங்கள் தம்பி. வால்!

குவாத்ர் போர்ன் தமிழாசிரியர்: நொதி, இழைமணி, உயிரணு என்று நல்ல தமிழ் இருக்க, என்ஸைம், மைட்டோகாண்டிரியா, செல் எதற்கு?

முதல் இரண்டுக்கும் நான் உங்கள் பக்கம். கிரேக்கத்தில் 'புளிமாவுக்குள்' என்று பொருள்படும்படி ஜெர்மன் உடலியலாளர் கூனே என்ஸைம் என்று பெயரிட்டார். நொதித்தலிலிருந்து நொதி என்றது அதே எண்ணம். 1898இல் பெண்டா என்ற ஜெர்மன் ஆய்வாளர், நூல், மணி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவுக்குப் பெயர் வைத்தார். இழைமணி அதை அப்படியே தமிழில் பிடித்திருக்கிறது. 'உயிரணு'தான் இடிக்கிறது. 1665இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கி வழியே தக்கையில் பார்த்தவை வெறும் அறைகள், உயிரில்லாதவை. அதனால்தான் அறை என்று பொருள்படும் 'செல்' என்ற பெயர்.

அவரே மீண்டும்: அறை என்ற பொருள் யாருக்கு வேண்டும்? உயிரின் அடிப்படை அலகு என்பது தெரிந்தால் போதாதா?

போதாது ஐயா. இன்று தமிழில் உயிரணு எண்ணிக்கை என்றாலே பலருக்கு விந்தணுதான் நினைவுக்கு வருகிறது. இலங்கையில் 'கலம்' என்கிறார்கள். கொள்ளும் பாத்திரம் என்ற பொருளால் அது ஹூக் பார்த்த அறைக்கு நெருக்கமாக இருக்கிறது. எனக்குப் பிடித்ததும் அதுதான்.

சூயாக் மாணவி: லைசோசோம், கிளைகோலிசிஸ் இரண்டிலும் 'லைசிஸ்' இருக்கிறதே?

சரியாகப் பிடித்தீர்கள். லைசிஸ் என்றால் பிரித்தல், உடைத்தல். ஒன்று செல்லுக்குள் உடைக்கும் பை, மற்றது சர்க்கரையை உடைக்கும் வேலை.

ரோஸ் ஹில்லிலிருந்து இன்னொருவர்: லாக்டோஸும் லாக்டேஸும் ஒன்றா?

மூன்றாவது முறை. மேலே இருக்கிறது.

கியூர்பிப் மாணவர்: எச்.எஸ்.சி. தேர்வில் எழுத்துப் பிழைக்கு மார்க் போகுமா?

வேறொரு பொருளின் பெயராகப் படிக்கும்படி பிழை விட்டால் போகும். தைமின் டி.என்.ஏ.வின் நான்கு காரங்களில் ஒன்று, தயமின் வைட்டமின் பி1. இரண்டு ஆங்கிலப் பெயர்களுக்கும் ஓரிரு எழுத்துதான் வித்தியாசம், அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள்.