கடைக்குப் போகுமுன் கால் அளவை எடுங்கள்

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 43 வயது. கல்லூரி நாட்களோடு சைக்கிளை விட்டவள். அதிகாலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து கல்லணைப் பக்கம் போகும் குழுவைப் பார்த்துப் பார்த்து, ரோடு பைக் (வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் உள்ள சைக்கிள்) வாங்க 60 ஆயிரம் ரூபாய் சேர்த்துவிட்டேன். உயரம் 5 அடி 2 அங்குலம். கடையில் 54 சென்டிமீட்டர் ஃபிரேம் அளவுதான் இருக்கிறது; சீட்டை இறக்கித் தந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். கியர் எத்தனை வேண்டும், டிஸ்க் பிரேக் தேவையா என்பதிலும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகி, திருச்சி

பதில்: அந்த 54-ஐ வாங்காதீர்கள், தங்கையே. எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வேண்டாம்.

இதே வார்த்தையைச் சொல்லித்தான் கோவையில் ஒரு கடையில் எனக்கும் 54-ஐ விற்றார்கள். எனக்கு அப்போது 40 வயது, உயரம் 5 அடி 3 அங்குலம். சீட்டை இறக்கியதும் கால் எட்டியது, கை எட்டவில்லை. ஹேண்டில்பாரைப் பிடிக்க முதுகை நீட்டி, உடம்பின் பாரம் முழுவதையும் உள்ளங்கையில் போட்டு ஓட்டினேன். அரை மணி நேரத்தில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். வீட்டுக்கு வந்து தோசை திருப்பும்போதுகூட அந்த இரண்டு விரல்களில் உணர்வு இருக்காது. வயதாகிவிட்டது, இனி இதெல்லாம் நமக்கு எதற்கு என்று மூன்று மாதம் அழுத்தமாக நம்பினேன். பிறகு ஒரு தோழியின் 49 அளவு சைக்கிளில் மருதமலை அடிவாரம் வரை போய்வந்தேன். விரல் மரக்கவில்லை. வயதின்மேல் போட்ட பழி சைக்கிளுக்கு உரியது என்று அன்றுதான் தெரிந்தது.

சீட்டை ஏற்றி இறக்குவது காலுக்கு மட்டுமே தீர்வு. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள தூரத்தை நிர்ணயிப்பது ஃபிரேமின் மேல் குழாய். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மை மாற்றி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைக்கலாம். பெரிய ஃபிரேமைச் சின்னதாக்க முடியாது.

வீட்டிலேயே அளவு எடுங்கள். செருப்பில்லாமல் சுவரோடு முதுகு ஒட்டி நில்லுங்கள். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, முதுகுப்பட்டை மேலே இருக்கும்படி, சீட்டில் உட்கார்ந்தால் எப்படி அழுத்துமோ அப்படி மேலே அழுத்திப் பிடியுங்கள். அதன் மேல் விளிம்பில் சுவரில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். தரையிலிருந்து கோடு வரை உள்ளதுதான் உங்கள் கால் அளவு. அது 73 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 0.67-ஆல் பெருக்கக் கிடைப்பது ஏறக்குறைய 49. அதுதான் நீங்கள் தேடத் தொடங்கவேண்டிய ஃபிரேம் அளவு. கம்பெனிக்குக் கம்பெனி ஓர் எண் முன்பின் இருக்கும் என்பதால், வாங்குமுன் 15 நிமிடமாவது தெருவில் ஓட்டிப் பாருங்கள். முழங்கை லேசாக மடிந்த நிலையிலேயே பிரேக் லீவர் கைக்கு எட்டவேண்டும். சீட்டின் உயரத்துக்கு, பெடல் அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டால் சரி. முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் தானாகவே கொஞ்சம் மடியும்.

இனி கியர். எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், லீவர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விலை குறைந்த சில ரோடு பைக்குகளில் கியர் லீவர் ஸ்டெம் பக்கத்தில் தனியாக இருக்கும். கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு கை பிரேக்கை விட்டுப் போகும். சத்திரம் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள நெரிசலில் அது ஆபத்து. பிரேக் லீவரிலேயே கியரும் மாறும் அமைப்பைக் கேட்டு வாங்குங்கள். ஷிமானோ கம்பெனியின் கிளாரிஸ் என்ற கியர் வரிசையே போதும். பின்னால் 8 பற்சக்கரம், முன்னால் 2. கல்லணைச் சாலைக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. என்றாவது கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் ஆசை வந்தால், பின்னால் உள்ள பெரிய பற்சக்கரத்தில் 32 அல்லது 34 பற்கள் இருப்பது முழங்காலைக் காப்பாற்றும்.

சமதளத்தில் ஓட்ட டிஸ்க் பிரேக் கட்டாயமில்லை. ஆனாலும் நான் அதையே வாங்கச் சொல்வேன், காரணம் டயர். டிஸ்க் பிரேக் ஃபிரேம்களில் பெரும்பாலும் 32 மில்லிமீட்டர் டயருக்கு இடம் இருக்கும். சக்கர விளிம்பைப் பிடிக்கும் பழைய வகை பிரேக்கில் பல நேரம் 25 அல்லது 28-உடன் இடம் முடிந்துவிடும். நம் சாலையின் குழியும் வேகத்தடையும் அகலமான டயரைத்தான் கேட்கின்றன. கார்பன் ஃபிரேம் இப்போது வேண்டாம், அலுமினியம் வாங்குங்கள்.

60 ஆயிரத்தையும் சைக்கிளுக்கே கொடுத்துவிடாதீர்கள். 8 ஆயிரத்தை எடுத்து வையுங்கள்: ஹெல்மெட், முன்பின் விளக்கு, இரண்டு மாற்று டியூப், அளவுமானி உள்ள காற்றுப் பம்பு. ரோடு பைக் டியூபில் பெரும்பாலும் பிரெஸ்டா என்ற மெல்லிய வால்வு இருக்கும். பஞ்சர் கடைக் குழாய் அதில் பொருந்தாது. சுண்டுவிரல் நகம் அளவில் பித்தளை அடாப்டர் ஒன்று கிடைக்கும். அதை வாங்கி வால்விலேயே திருகி வைத்துவிட்டால் வழியில் தவிக்கவேண்டாம்.

கேள்வி: நண்பர் தன் ரோடு பைக்கை விற்கிறார். இரண்டு ஆண்டு ஓடியது. வாங்கலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: முதலில் உங்கள் உயரத்துக்குப் பொருந்துகிறதா என்று மேலே சொன்னபடி பாருங்கள். பொருந்தினால், ஓர் அடி ஸ்கேலோடு போங்கள். செயினின் கண்ணிகளை இணைக்கும் ஓர் ஊசியின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், 12 அங்குலக் கோடு இன்னோர் ஊசியின் நடுவில் சரியாக விழவேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் செயினை மாற்றவேண்டும். 3 மில்லிமீட்டர் என்றால் பின்பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கும், அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள். உங்களுடையது கடலோர ஊர் என்பதால் சீட்டுக் கம்பியை உருவிப் பார்க்கவும் மறக்காதீர்கள். உப்புக்காற்றில் அது ஃபிரேமுக்குள்ளேயே இறுகிப்போயிருந்தால் உங்கள் உயரத்துக்கு ஏற்ற முடியாது; அந்த சைக்கிளை விட்டுவிடுங்கள்.