ஏஜென்ட் தந்த பதினான்கு இடங்களில் எதை வெட்டுவது? மே மாத சிங்கப்பூர் பயணத்துக்கு ஒரு பதில்

கேள்வி: மே கடைசி வாரத்தில் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறோம். நான்கு இரவு, ஐந்து பகல். நான், கணவர், 13 வயது மகள், 5 வயது மகன், முழங்கால் வலி உள்ள மாமியார். டிராவல் ஏஜென்ட் அனுப்பிய திட்டத்தில் பதினான்கு இடங்கள் இருக்கின்றன, தினமும் காலை எட்டு மணிக்கு வேன். மகளுக்கு யுனிவர்சல் ஸ்டுடியோஸ் வேண்டும், மகனுக்கு விலங்குகள், மாமியாருக்குக் கோயிலும் பூக்களும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

பதில்: முதலில் அந்தத் திட்டம் எப்போது எழுதியது என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலில் ஜூராங் பறவைப் பூங்கா இருக்கிறது. அதை 2023 ஜனவரியிலேயே மூடிவிட்டார்கள், பறவைகளெல்லாம் மண்டாயில் உள்ள பேர்ட் பாரடைஸுக்குப் போய்விட்டன. செந்தோசா தீவின் பெரிய மெர்லயன் (சிங்கத் தலை, மீன் உடல்) சிலையும் இருக்கிறது, அது 2019-ல் மூடி இடிக்கப்பட்டது. பழைய ஃபைலை எடுத்து உங்கள் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார் என்பது தெளிவு. ஆகவே டிக்கெட்டுக்கெல்லாம் அவரிடம் மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள். விமானமும் விசாவும் அவர் மூலம் இருக்கட்டும், பார்க்கும் இடங்களை நீங்களே அந்தந்த இடத்தின் தளத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து அந்த எட்டு மணி வேன். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை எட்டு என்றால் உங்கள் மகனின் உடம்புக்கு விடியற்காலை ஐந்தரை. அவனை எழுப்பிக் குளிப்பாட்டி, இட்லி ஊட்டி வேனில் ஏற்ற நீங்கள் எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அதே கணக்கு மாலையில் உங்களுக்குச் சாதகம். அங்கே இரவு எட்டே முக்கால் என்றால் அவனுக்கு ஆறே கால்தான், துள்ளிக்கொண்டிருப்பான். அதனால் முதல் இரண்டு நாளாவது தாமதமாகக் கிளம்பி இரவில் நிறையப் பாருங்கள். திருச்சிக்காரர்களுக்கு வெயில் புதுசா என்று கேட்பீர்கள். வெப்பம் 32, 33 டிகிரிதான், ஆனால் அந்தப் புழுக்கத்தில் மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெளியில் நடந்தால் பெரியவர்களே சுருண்டுவிடுவார்கள். திடீரென்று இடியோடு மழையும் கொட்டும். மதியத்துக்கு ஒன்று ஏசி, இல்லையென்றால் தூக்கம்.

என் கணக்கு இதுதான்: ஒரு நாளைக்குக் காசு கொடுத்துப் பார்க்கும் பெரிய இடம் ஒன்று மட்டும். மற்றதெல்லாம் இலவசமாக, கால் ஓய்ந்தால் பாதியில் விட்டுவரக்கூடியதாக இருக்கட்டும்.

தங்குவதற்கு லிட்டில் இந்தியா எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தின் பக்கமே அறை எடுங்கள். அங்கே இரண்டு பாதைகள் சந்திக்கின்றன. டவுன்டவுன் பாதையில் ஏறினால் பேஃப்ரன்ட்டும் சைனாடவுனும் நேராக வரும், வடகிழக்குப் பாதையில் ஏறினால் செந்தோசாவுக்குப் போகும் ஹார்பர்ஃப்ரன்ட் வரும். ரயில் மாற வேண்டியதில்லை, நிலையங்களில் லிஃப்ட் உண்டு, மாமியாருக்குப் பெரிய உபகாரம். சைவச் சாப்பாடும் சிராங்கூன் சாலையில் வாசலிலேயே கிடைக்கும். இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால் நீங்கள் ஐந்து பேர். சாதாரண டாக்சியில் நான்கு பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், ஆறு பேர் உட்காரும் வண்டிதான் கேட்க வேண்டும். அப்புறம் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். டாக்சிக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு, செயலியில் கூப்பிடும் தனியார் கார்களுக்குக் கிடையாது. இது தெரியாமல் ஹோட்டல் வாசலில் டிரைவரோடு வாக்குவாதம் செய்துகொண்டு நிற்கும் நம்மூர்க் குடும்பங்கள் உண்டு.

சரி, இடங்களுக்கு வருவோம். இறங்குகிற நாள் பகலில் எதுவும் வேண்டாம், தூங்குங்கள். நான்கரை மணிக்கு மேல் கார்டன்ஸ் பை த பே போங்கள். வெளித் தோட்டம் இலவசம். கண்ணாடிக் கூடங்கள் இரண்டுக்கும் டிக்கெட் உண்டு, உள்ளே 23 முதல் 25 டிகிரி குளிர். மாமியாருக்கு ஃபிளவர் டோம் பிடிக்கும். மகனுக்கு கிளவுட் ஃபாரஸ்ட், நுழைந்ததும் 35 மீட்டர் உயர அருவி. அதில் லிஃப்டில் உச்சிக்குப் போய்ச் சரிவுப் பாதையில் மெதுவாக இறங்கிவிடலாம், படி ஏறும் பேச்சே இல்லை. இந்தக் கூடங்களைப் பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாள் மூடுவார்கள், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வந்து செயற்கையாக நிறுத்திய ராட்சத மரங்களுக்கு அடியில் இடம்பிடியுங்கள், இரவு 7.45-க்கும் 8.45-க்கும் ஒளிக்காட்சி, காசில்லை. எல்லோரையும் போல நீங்களும் தரையில் படுத்தே பார்க்கலாம். மரங்களுக்கு நடுவே போகும் ஸ்கைவே பாலத்துக்குத் தனி டிக்கெட், அதை விட்டுவிடலாம்.

இரண்டாம் நாள் செந்தோசா. இங்கேதான் குடும்பமாக வந்தோம், எல்லோரும் ஒன்றாகவே இருப்போம் என்ற பிடிவாதத்தை விட வேண்டும். யுனிவர்சலுக்கு அப்பாவும் மகளும் மட்டும் போகட்டும். கேலக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125 செ.மீ. உயரம் வேண்டும், டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102. ஐந்து வயதுப் பையன் பாதி வரிசைகளில் வெளியே நின்று அழுவான், முழு டிக்கெட்டும் கொடுத்து மாமியார் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மினியன் என்றால் உயிர் என்கிற பிள்ளையாக இருந்தால் மட்டும் 2025-ல் திறந்த மினியன் லேண்டுக்காக யோசிக்கலாம், உங்கள் மகன் விலங்குக் கட்சி என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மூவரும் பக்கத்திலேயே இருக்கும் சிங்கப்பூர் ஓஷனேரியத்துக்குப் போங்கள். பழைய சீ அக்வேரியத்தைத்தான் மூன்று மடங்கு பெரிதாக்கி 2025 ஜூலையில் இந்தப் பெயரில் திறந்தார்கள். முழுக்க ஏசி, மதியத்துக்கு ஏற்றது. சாயங்காலம் எல்லோரும் கடற்கரையில் சேர்ந்துகொள்ளலாம், தீவுக்குள் பேருந்தும் பீச் ஷட்டிலும் இலவசம். வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கும் மே கடைசியில்தான் விடுமுறை தொடங்கும், கூட்டம் இருக்கும்.

மூன்றாம் நாளுக்குள் உடம்பு கொஞ்சம் பழகியிருக்கும், அப்போது மண்டாயில் உள்ள மிருகக்காட்சி சாலை. எட்டரைக்குத் திறக்கிறார்கள், ஒன்பதரைக்குப் போனாலும் பரவாயில்லை. ஒராங்குட்டான்கள் தலைக்கு மேலே கிளையிலும் கயிற்றிலும் தாவிக்கொண்டிருக்கும். உள்ளே டிராம் ஓடுகிறது, சக்கர நாற்காலியும் வாடகைக்குக் கிடைக்கும். மண்டாய்க்கு மட்டும் ஆறு பேர் டாக்சி எடுத்துவிடுங்கள். ஏஜென்ட் அதே நாள் இரவில் நைட் சஃபாரியையும் போட்டிருக்கிறார். பக்கத்து வாசல்தான், ஆனால் மிருகக்காட்சி சாலை ஆறு மணிக்கு மூடி, சஃபாரி ஏழே காலுக்குத் திறக்கிறது. அதற்குள் எல்லோரும் வாடிப்போயிருப்பீர்கள். சின்னப் பிள்ளைக்கு விலங்கைப் பளிச்சென்று பார்ப்பதில்தான் குஷி, அரை இருட்டில் டிராமிலிருந்து எட்டிப் பார்ப்பதில் இல்லை. இரண்டில் ஒன்று என்றால் பகல்தான்.

நான்காம் நாள் மாமியாருடையது. சைனாடவுனில் 1827-ல் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயில், சில அடி தள்ளித் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமே பள்ளிவாசல், அதே சாலையில் புத்தர் பல் கோயில். நண்பகலுக்குள் போய்விடுங்கள், மாரியம்மன் கோயில் மதியம் நடை சாத்தினால் சாயங்காலம்தான் திறக்கும். மாலையில் மெரினா பே கரையில் உள்ள மெர்லயன் (செந்தோசாவில் இடித்தது வேறு சிலை), பத்து நிமிடம் போதும். மெரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல் மாடியா, ஃபிளையர் ராட்டினமா என்றால் கிட்டத்தட்ட ஒரே காட்சிதான். ஃபிளையரில் ஏசிப் பெட்டிக்குள் அரை மணி நேரம் உட்கார்ந்தபடி பார்க்கலாம் என்பதால் உங்களுக்கு அது.

மலேசியாவின் ஜோகூரில் உள்ள லெகோலேண்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். விடுமுறைக் காலத்தில் எல்லைப் பாலத்தைக் கடக்கவே அரை நாள் போகும்.

விமான நிலையத்தை ஒட்டியுள்ள ஜூவல் வளாகத்தின் அருவியைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 40 மீட்டர் உயரம், இலவசம், ஆனால் காலை பத்து, பதினொன்றுக்கு முன்னால் ஓடாது, அதனால் விடியற்காலை வந்து இறங்கும்போது பார்க்க நினைத்து ஏமாறாதீர்கள். அது குடிநுழைவுச் சோதனைக்கு வெளியே இருக்கிறது என்பதால், ஊர் திரும்பும்போது பெட்டியைக் கொடுத்த கையோடு உள்ளே போய்விடாமல் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள். அப்புறம், சிங்கப்பூர் வருகை அட்டையை (SG Arrival Card) இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம். காசு கேட்கிற தளம் வேறு யாரோ நடத்துவது, மூடிவிடுங்கள்.