ஆயா யார்?

அன்புள்ள அக்கா,

சமூகப்பணியில் முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) முடித்துவிட்டு இரண்டு வருடமாகக் களப்பணி செய்கிறேன். குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கில், குடும்ப நல நீதிமன்றம் கேட்டதால் வீட்டுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்தேன். 'குழந்தை தாயுடன் வசிக்கவே விருப்பம் தெரிவித்தது. பாட்டியின் பராமரிப்பில் பாதுகாப்பாக உணர்கிறது' என்று எழுதியிருந்தேன். இப்போது சாட்சி சொல்ல வரும்படி சம்மன் வந்திருக்கிறது. அறிக்கை கொடுத்த பிறகு ஆள் எதற்கு? குறிப்பேட்டைக் கூண்டுக்கு எடுத்துப் போகலாமா? புடவைதான் கட்ட வேண்டுமா? வக்கீல் அவமானப்படுத்திவிடுவாரோ என்று தூக்கமே வரவில்லை.

— குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் திட்டிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் குழந்தையின் பெயர், பள்ளி, தெரு எல்லாம் இருந்தன. அத்தனையையும் நீக்கிவிட்டுத்தான் மேலே போட்டிருக்கிறேன். 1984ஆம் வருடத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, ஒரு தரப்பு கேட்டாலே விசாரணையை மூடிய அறையில் நடத்தியாக வேண்டும். சட்டமே அப்படிப் பொத்திவைக்கிற சங்கதியை, முகம் தெரியாத எனக்கு எழுதி அனுப்பலாமா? இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.

புடவை, சுடிதார்: களத்துக்கு எதைப் போட்டுக்கொண்டு போவீர்களோ அதுவே போதும். வக்கீல் குரலை உயர்த்தினால் நீதிபதி பார்த்துக்கொள்வார். வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் நீதிமன்றத்துக்குக் காலையிலேயே போய்ச் சேருங்கள். கையில் சாப்பாடும் தண்ணீரும் இருக்கட்டும். நாள் முழுக்கக் காத்திருந்த பிறகு வாய்தா என்று சொல்லி அனுப்புவதும் உண்டு. வராந்தாவில் அந்தத் தாய் வந்து கையைப் பிடித்தால், வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். கூண்டில் முதல் கேள்வியே, 'இப்போது வெளியே மனுதாரரோடு பேசிக்கொண்டுதானே இருந்தீர்கள்?' என்று வரும்.

அறிக்கை இருக்க ஆள் எதற்கு என்கிறீர்கள். சாதாரண சாட்சிய விதிகளுக்குள் அடங்காத அறிக்கையைக்கூடக் குடும்ப நல நீதிமன்றம் வாங்கிப் பார்க்கலாம் என்கிறது அதே குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. வாங்கிக்கொள்வது வேறு, நம்புவது வேறு. எழுதியவரைக் கேள்வி கேட்காமல் எதிர்த்தரப்பு விடுமா?

குறிப்பேட்டைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 162ஆம் பிரிவு (பழைய சாட்சியச் சட்டத்தில் 159), அந்தந்தச் சமயத்தில் எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ள இடம் தருகிறது. நீதிபதியிடம் கேட்டுவிட்டுத் திறங்கள். நீங்கள் பார்த்ததை எதிர்த்தரப்பு வக்கீலும் வாங்கிப் பார்க்கலாம், அதிலிருந்தே குறுக்கு விசாரணையும் செய்யலாம். ஒரே நோட்டில் நாலு குடும்பத்தின் கதையை எழுதி வைத்திருந்தால் மற்ற மூன்று குடும்பமும் அங்கே அம்பலம். வீட்டுக்கு ஒரு நோட்டு என்பது அதனால்தான். அழகாக இருக்கட்டும் என்று நகல் எழுதிக்கொண்டு போகாதீர்கள். அடித்தல் திருத்தலோடு, அன்றைக்கு எழுதிய தாளுக்குத்தான் மதிப்பு.

இப்போது எனக்கு உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். 'விருப்பம் தெரிவித்தது' என்று எந்தக் குழந்தையாவது பேசுமா? குடியாத்தத்துப் பிள்ளை 'ஆயா வூட்லயே இருந்துக்கிறேன்' என்று சொல்லியிருக்கும். அதை நீங்கள் இஸ்திரி போட்டுவிட்டீர்கள். 'ஆயா' என்றால் நம் பக்கத்தில் பாட்டி. தெற்கிலிருந்து மாற்றலாகி வந்த நீதிபதியின் காதில் அது சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கும் பெண்ணாகவோ அங்கன்வாடி ஊழியராகவோ விழலாம். சரி என்று 'பாட்டி' ஆக்கினால் இன்னொரு சிக்கல். அம்மாவைப் பெற்றவரா, அப்பாவைப் பெற்றவரா? வழக்கே எந்தப் பக்கம் என்பதுதானே!

பேரணாம்பட்டில் உருது பேசும் பிள்ளை இதில் நம்மைவிடத் துல்லியம். அம்மாவின் அம்மா நானி, அப்பாவின் அம்மா தாதி. 'தாதி' என்பதை அப்படியே தமிழ் அறிக்கையில் வைத்தால் செவிலி ஆகிவிடும். தெலுங்கு வீட்டில் அம்மம்மா, நானம்மா என்று பிரித்துச் சொல்வார்கள். நானியும் நானம்மாவும் எதிரெதிர்ப் பக்கம் என்பதைக் கவனித்தீர்களா? இத்தனையையும் ஒரே 'பாட்டி'யில் போட்டு மூடிவிட்டால் நீதிபதிக்கு என்ன மிஞ்சும்?

எல்லாவற்றையும்விட ஆபத்தான சொல் 'சித்தி'. அம்மாவின் தங்கையும் சித்தி, சித்தப்பாவின் மனைவியும் சித்தி, அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவரும் சித்தி. 'சித்தி அடிச்சாங்க' என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு மூன்று வெவ்வேறு தீர்ப்பு எழுதலாம். ஆகவே குழந்தையின் சொல்லை அதன் வாயில் வந்தபடியே, மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். அடுத்த வரியில் அந்த உறவு யார், யார் வழி, அதே வீட்டில் இருப்பவரா என்று எழுதுங்கள். நீங்கள் கேட்ட கேள்வியையும் எழுதுங்கள். 'அம்மாகிட்டதானே இருக்கப் போற?' என்று கேட்டு வாங்கிய 'ம்' வேறு, விளையாடிக்கொண்டே பிள்ளை தானாகச் சொன்னது வேறு. அந்த நேரத்தில் தாய் எங்கே நின்றார் என்பதும் வேண்டும். 'பாதுகாப்பாக உணர்கிறது' என்பது உங்கள் முடிவு. ஆயா கூப்பிட்டதும் ஓடிப் போய் மடியில் ஏறியது என்றால் அது கண்ணால் கண்டது.

குழந்தை அப்படிச் சொன்னதைக் கேட்டேன் என்பதற்குத்தான் நீங்கள் சாட்சி. சொன்னது உண்மைதானா என்பதற்கு அல்ல. விவரம் தெரிந்த பிள்ளையென்றால் அதன் விருப்பத்தையும் கவனிக்கலாம் என்று 1890ஆம் வருடக் காப்பாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவு இருக்கிறது. நீதிபதி தன் அறையில் கூப்பிட்டு அவரே கேட்டுக்கொள்வார். யாரிடம் விடலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வராதீர்கள்.

கூண்டில் உங்கள் பதில் கேள்வியோடு சேர்ந்து ஒரே வாக்கியமாகப் பதிவாகும். 'தந்தை வீட்டுக்குப் போகாமலே, தாய் சொன்னதைக் கேட்டு அறிக்கை எழுதினீர்கள் என்றால் சரிதானே?' என்பார் எதிர்த்தரப்பு வக்கீல். இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. தலையாட்டினால் இரண்டுமே நீங்கள் சொன்னதாக ஏறிவிடும். பிரித்துச் சொல்லுங்கள்: 'தந்தை வீட்டுக்குப் போகவில்லை என்றால் சரிதான். தாய் சொன்னதைக் கேட்டு எழுதினேன் என்றால் சரியல்ல.' நீங்கள் போனது ஒரு வீட்டுக்கு மட்டும் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. அங்கேதான் உங்களைப் பிடிப்பார்கள். ஏன் போகவில்லை என்ற காரணத்தை மழுப்பாமல் சொல்லத் தயாராக இருங்கள். 'தெரியாது', 'நினைவில்லை', 'நான் அதைக் கேட்கவில்லை' மூன்றும் மூன்று பதில். பதற்றத்தில் ஒன்றை இன்னொன்றாகச் சொல்லிவிடாதீர்கள்.

குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி நீங்கள் சொன்னதன் சாரத்தை மட்டும் நீதிபதி பதிவு செய்தால் போதும், நீங்களும் அவரும் கையெழுத்துப் போடுவீர்கள். ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுப் போடுங்கள். 'ஆயா' அங்கே என்னவாக மாறியிருக்கிறது என்று பாருங்கள். தப்பென்றால் அங்கேயே சொல்லித் திருத்தச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து எனக்கு எழுதாதீர்கள்.

உங்கள் அறிக்கையில் இருக்கும் 'பாட்டி' யார்? இன்றைக்கே நோட்டைத் திறந்து பாருங்கள். கொடுத்த அறிக்கையில் கை வைக்கக் கூடாது. முதல் விசாரணையிலேயே, எதிர்த்தரப்பு எழுந்திருக்கும் முன்பே, 'அந்த வரியில் பாட்டி என்று எழுதியது தாயின் தாயாரை, குழந்தை ஆயா என்று சொன்னது' என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். நோட்டிலும் 'பாட்டி' என்றுதான் இருக்கிறது, யார் என்று நினைவில்லை என்றால், அதையும் அப்படியே சொல்லுங்கள்.